எரிப்பதா, புதைப்பதா, பிரிப்பதா? குப்பைமலை சரிந்த மூன்று ஊர்கள்

2000 ஜூலை 10. பிலிப்பைன்ஸின் கெசோன் நகரில், நாட்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு பயாத்தாஸ் குப்பைமலை சரிந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரோடு புதைந்தார்கள். 2017 மார்ச் 11 இரவு எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் கோஷே குப்பைமேடு சரிந்து நூற்றுப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஐந்தே வாரத்தில், ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பை ஒட்டிய மீதொட்டமுல்லையில் வீடுகள் மேல் குப்பை விழுந்து 32 பேர் இறந்தார்கள்.

மூன்று இடத்திலும் செத்தவர்கள் ஏழைகள். வேறெங்கும் வாடகை கொடுக்க வழியில்லாமலோ, குப்பையைக் கிளறிப் பிழைக்கவோ அந்த மேட்டின் அடிவாரத்தில் இருந்தவர்கள். நகரக் குப்பையை என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்குத்தான் மூன்று அரசுகளும் விடை தேடின. கிடைத்த விடைகள் வேறு வேறு. அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்கும் அவசரமான வேலை. சென்னை கொடுங்கையூரில், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் எரிஉலைத் திட்டத்தை எதிர்த்து மக்கள் தெருவில் நிற்கும் காலம் இது.

முதலில் அந்த மேட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். குப்பைமலை என்றதும் காய்ந்த பிளாஸ்டிக் குவியல்தான் கண்ணில் வரும். உள்ளே பெரும்பகுதி சோறும் காய்கறித் தோலும் இலைதழையும். அவை அழுகி நீர் விடுகின்றன. மழைநீரும் உள்ளே இறங்குகிறது. இடையிடையே படுத்துக் கிடக்கும் பிளாஸ்டிக் பைகள் அந்த நீரை வடியவிடாமல் தேக்கிவிடுகின்றன. அழுகலில் பிறக்கும் மீத்தேன் வாயு உள்ளிருந்து முட்டுகிறது. சரிவு செங்குத்தாக இருந்தால் ஒரு பெருமழையே போதும். மேடு சரிவதற்கும், தானாகத் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைவதற்கும், நிலத்தடி நீர் கருப்பாவதற்கும் காரணம் இந்த ஈரக்குப்பைதான். உலக வங்கியின் 2018ஆம் ஆண்டு அறிக்கைப்படி ஏழை நாடுகளின் குப்பையில் பாதிக்கு மேல் உணவும் பசுங்கழிவும். பணக்கார நாடுகளில் அது மூன்றில் ஒரு பங்குதான். மூன்று வழிகளையும் உரசிப் பார்க்க வேண்டிய கல் இதுவே.

எரிக்கும் வழியை எடுத்தது அடிஸ் அபாபா. கோஷேயை ஒட்டியே கட்டப்பட்ட ரெப்பி எரிஉலை 2018 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. செலவு ஏறக்குறைய 10 கோடி டாலர். நாளொன்றுக்கு 1,400 டன், அதாவது நகரக் குப்பையில் 80 சதவீதம் வரை, எரித்து மின்சாரம் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். ஆப்பிரிக்காவில் அப்படி ஓர் ஆலை அதுவே முதல். பெருமையோடு பேசப்பட்டது. ஆனால் சொன்ன அளவுக்கு அது ஓடவில்லை. இடையிடையே நின்றது, கோஷேக்குக் குப்பை வருவதும் நிற்கவில்லை.

எரிஉலை ஒழுங்காக ஓட ஒரு கிலோ குப்பை சராசரியாக 7 மெகாஜூல் வெப்பமாவது தர வேண்டும் என்பது உலக வங்கி முன்பே வகுத்த அளவுகோல். பாதிக்கு மேல் ஈரமான குப்பை அதை எட்டுவது கடினம். ஈர விறகை அடுப்பில் செருகிவிட்டு ஊதிக்கொண்டே இருப்பதுபோலத்தான். எரிய வேண்டுமென்றால் குப்பையைக் குழியில் நாள்கணக்கில் வடியவிட வேண்டும், அல்லது கூடவே வேறு எரிபொருள் சேர்க்க வேண்டும். நன்றாக எரிபவை காகிதமும் அட்டையும் பிளாஸ்டிக்கும். குப்பை பொறுக்கி வாழும் குடும்பங்கள் விற்றுக் காசாக்குவதும் அவற்றைத்தான். ஆக உலைக்குத் தீனி போட வேண்டுமென்றால் அந்தக் குடும்பங்களின் தட்டில் கைவைத்தாக வேண்டும். எரித்த பிறகும் எல்லாம் மறைந்துவிடுவதில்லை. சாம்பல் மிஞ்சும். புகைபோக்கியின் வடிகட்டியில் பிடிபடும் நுண்சாம்பலில் கன உலோகங்களும் டையாக்சின் என்ற கொடிய நச்சும் இருக்கும். அதற்குத் தனிப் பாதுகாப்போடு ஒரு புதைகுழி வேண்டும். டையாக்சினைத் தொடர்ந்து அளக்க ஆய்வகமும் ஆட்களும் வேண்டும். இவையெல்லாம் கைவசம் உள்ள நாடு எரிப்பது வேறு. பள்ளிக்கும் மருத்துவமனைக்குமே பணம் போதாத நகரம் எரிப்பது வேறு.

தூரத்தில் கொண்டுபோய்ப் புதைக்கும் வழி கொழும்புடையது. பாதுகாப்பான புதைகுழி என்பதை நான் மறுக்கவில்லை. அடியில் கனத்த விரிப்பு, கழிவுநீரை இழுக்கக் குழாய், அன்றாடம் மண்மூடல் என்று முறையாகச் செய்தால் திறந்த மேட்டைவிட அது எவ்வளவோ மேல். பிரச்சினை, அது யார் வாசலில் என்பதில். ப்ளூமெண்டால் மேட்டை மூடியபோது கொழும்புக் குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. மீதொட்டமுல்லை சரிந்ததும் அடுத்த இடமாகப் பார்த்தது புத்தளம் மாவட்டத்து அருவக்காடு. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளம், கொழும்பிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். ரயிலில் அனுப்புவதாகத் திட்டம். 2019 ஆகஸ்டில் லாரிகள்தான் முதலில் போயின. ஏற்கெனவே சிமெண்ட் ஆலைத் தூசியும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சுமக்கும் மாவட்டம் அது. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் குடியேறிய மண். மாவட்ட மக்கள் மாதக்கணக்கில் போராடினார்கள், அவர்கள் குரல் கொழும்பில் எடுபடவில்லை. தலைநகர் தின்றதன் மிச்சத்தைத் தொலைவில் உள்ள ஒரு மாவட்டம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை எந்த நியாயத்தில் ஏற்பது?

அடிஸ் அபாபாவும் இதைச் செய்து பார்த்ததுதான். 2016இல் நகருக்கு வெளியே, ஓரோமியா மாநிலத்துச் செந்தாஃபாவில் புதிய புதைகுழியைத் திறந்தார்கள். அங்குள்ள விவசாயிகள் எதிர்த்ததால் சில மாதங்களில் மூடினார்கள். குப்பை மறுபடி கோஷேக்கே போனது. அடுத்த மார்ச்சில் கோஷே சரிந்தது.

கொழும்பு எரிப்பையும் விடவில்லை. முத்துராஜவெல சதுப்புநிலத்தை ஒட்டிய கெரவலப்பிட்டியில் 10 மெகாவாட் எரிஉலை 2021இல் வந்தது. அதற்கும் ஈரம் என்ற அதே சிக்கல் உண்டு.

பிரிக்கும் வழிக்கு வருவோம். பிலிப்பைன்ஸ் 1999இலேயே தூய காற்றுச் சட்டத்தில் குப்பை எரிப்புக்குத் தடை போட்டது. பயாத்தாஸ் சாவுகளுக்குப் பின் 2001 ஜனவரியில் திடக்கழிவுச் சட்டம் கையெழுத்தானது. வீட்டிலேயே பிரிக்க வேண்டும், திறந்த மேடுகளை மூட வேண்டும், பரங்காய் எனப்படும் ஒவ்வோர் ஊர்ப்பிரிவிலும் தரம்பிரிக்கும் கூடம் வேண்டும் என்பது விதி. காகிதத்தில் இதைவிட நல்ல சட்டம் ஏழை நாடுகளில் அபூர்வம். நடைமுறை அவ்வளவு அழகாக இல்லை. இருபது ஆண்டு கழித்தும் பாதிப் பரங்காய்களுக்குக்கூடக் கூடம் கிடைக்கவில்லை. பயாத்தாஸ் முழுதாக மூடப்பட்டது 2017இல்தான். எரிப்புத் தடை முழுத்தடை அல்ல என்று 2002இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. நாடாளுமன்றத்தில் எரிஉலைக்கு வழிதிறக்கும் மசோதாக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒற்றைப் பொட்டலமாக ஷாம்பூவும் காபித்தூளும் வாங்கும் நாட்டில், பல அடுக்கு உறையைப் பிரித்தாலும் வாங்க ஆளில்லை.

இத்தனைக்குப் பிறகும் என் வாக்கு இந்த வழிக்கே. காரணம் பம்பாங்கா மாகாணத்து சான் ஃபெர்னாண்டோ. அங்கே 35 பரங்காய்களிலும் கூடம் அமைத்து, மதர் எர்த் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து வீடு வீடாகப் போனார்கள். பிரிக்காத குப்பையை எடுப்பதில்லை என்பது கறாரான விதி. கலந்து கட்டிய பை வாசலிலேயே நிற்கும், காரணத்தைச் சொல்லிவிட்டு வண்டி அடுத்த வீட்டுக்குப் போகும். ஈரக்குப்பை அதே ஊர்க் கூடத்தில் உரமாகும். காய்ந்த சரக்கை விற்ற காசு குப்பை எடுப்பவர்களுக்கே. அந்தக் காசு கையில் வருவதால் ஒழுங்காகப் பிரிந்திருக்கிறதா என்பதில் அவர்களே கண்ணாக இருக்கிறார்கள். சில ஆண்டுகளில், புதைகுழிக்குப் போகாமல் தடுத்த குப்பையின் அளவு 80 சதவீதத்தை நெருங்கியது. பத்துக் கோடி டாலரும் வெளிநாட்டு ஒப்பந்தமும் இல்லாமல் நடந்தது இது. மீதி 20 சதவீதத்துக்குப் புதைகுழி வேண்டும்தான். ஆனால் ஈரம் நீங்கிய சிறு குவியல் மீத்தேனையும் கருப்புநீரையும் பெருமளவு உண்டாக்காது, மனிதர் மேல் சரியவும் செய்யாது.

இதில் தடுமாறுவது நிர்வாகம். நாள்தோறும் வாசலுக்குப் போகும் வேலை, தேர்தலுக்கு முன் திறந்துவைக்கக் கட்டடம் தராத வேலை. எரிஉலை ஒரே கையெழுத்தில் முடிகிறது. அந்தக் கையெழுத்தோ இருபது, இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தத்துக்கு. நாளுக்கு இத்தனை டன் தருவோம், தராவிட்டால் இழப்பீடு என்று அதில் எழுதியிருந்தால், பிறகு குப்பையைக் குறைக்கும் நகரத்துக்கே தண்டம் விழும்.

எரிஉலை வரப்போகும் எந்த ஊர் மக்களும், கொடுங்கையூர்க்காரர்கள் உட்பட, கேட்டு வாங்க வேண்டிய தாள்கள் மூன்று: உள்ளூர்க் குப்பையின் ஈரப்பத அளவு, ஒப்பந்தத்தில் உறுதி கொடுத்த குறைந்தபட்ச டன், நுண்சாம்பல் போய்ச்சேரும் இடத்தின் முகவரி.