எனக்கு ஒரே யோசனை: லண்டனில் பேச்சுச் சிகிச்சைக்குப் போய்வந்தது

முதலில் புள்ளிகளைச் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை தந்த பெண்ணுக்கு ஐந்துக்கு ஐந்து. அவரிடம் போய்ச் சேருகிற வழிக்கு ஐந்துக்கு இரண்டு. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்த்தவர்கள் மூன்று பேர்: முதலாமவருக்கு ஒன்று, இரண்டாமவருக்குப் பூச்சியம், கடைசியாக வந்தவருக்கு ஐந்தும் போதாது. சேவையின் பெயரை எழுதவில்லை. என்எச்எஸ், அதாவது இந்த நாட்டு அரச சுகாதார சேவை, இங்கிலாந்து முழுவதும் 2008இலிருந்து இலவசமாக நடத்துகிற பேச்சுச் சிகிச்சைதான். பகுதிக்குப் பகுதி வேறு வேறு ஆட்கள் நடத்துகிறார்கள், அதனால் எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்காமலும் போகலாம்.

நான் இலங்கையிலிருந்து 2010இல் வந்தவன். அகதி விண்ணப்பம், நிராகரிப்பு, மேல்முறையீடு என்று ஆறு வருடம் இழுபட்டுத்தான் விசா கிடைத்தது. வேலை பெற்றோல் செட்டில், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை. பகலில் மூன்று மணித்தியாலம் நித்திரை கொண்டால் அது நல்ல நாள். இரவு வேலை செய்கிறவனுக்கு நித்திரை குழம்பும்தானே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2022 நவம்பர் 5ஆம் திகதி இரவு, இந்த நாட்டுக்காரர் வாணம் விடுகிற நாள், பக்கத்துத் தெருவில் ஒன்று பெரிதாக வெடித்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, நான் சிகரெட் அலுமாரிக்குக் கீழே குந்தியிருந்ததுதான். காசு கொடுக்க நின்ற பெடியன் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். அவன் சிரித்ததைவிட நிறுத்தியதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜீபியிடம், அதாவது குடும்ப டொக்டரிடம், முதல் தரம் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினாலு வயது. 2008இல் வன்னியில் பிறந்தவள். நான் சொல்ல வேண்டிய எல்லாவற்றுக்குள்ளும் அவளும் கைக்குழந்தையாக இருந்தவள்தான், அவளுக்கு நினைவில்லை. அந்தப் பிள்ளையின் வாயால் நான் எதைச் சொல்லுவிப்பது? தலையிடி, உடம்பு உளைவு, நெஞ்சு படபடப்பு என்றேன். இரத்தம் எடுத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள், எல்லாம் நல்லது என்றார்கள். பரசிட்டமோல் தந்தார்கள். மூன்றாம் தரம் வேறொரு டொக்டர். மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, நித்திரையில் என்ன காண்கிறீர்கள் என்று கேட்டார். பத்து நிமிடச் சந்திப்பு இருபத்தைந்து நிமிடம் போனது. வெளியே வந்தபோது காத்திருந்தவர்கள் முறைத்தார்கள்.

இந்தச் சிகிச்சைக்கு டொக்டரின் கடிதம் தேவையில்லை, ஜீபியிடம் பதிந்திருந்தால் நாமே போன் எடுத்துப் பதியலாம் என்று அன்றுதான் அறிந்தேன். தெரிந்திருந்தாலும் போயிருப்பேனா என்பது வேறு விஷயம். "விசர் டொக்டரிட்டப் போனால் ஹோம் ஒஃபிசுக்குத் தெரியவரும், பிறகு சிற்றிசனுக்கு எழுதேக்க இழுத்துப் போடுவாங்கள்" என்று வேலையிடத்தில் ஒரு அண்ணர் சொல்லி வைத்திருந்தார். ஹோம் ஒஃபிஸ்தான் விசா கொடுக்கிற அமைச்சு. பதிந்தபோது விசாவைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. ஜீபியிடம் பதியக்கூட விசாக் காட்டத் தேவையில்லை. ஆஸ்பத்திரிச் சிகிச்சைதான் வேறு: அகதி வழக்குத் தோற்றவர்களிடம் காசு கேட்கலாம், 2017இலிருந்து முன்கூட்டியே கேட்கிறார்கள். ஆனால் சித்திரவதையால் வந்த வருத்தத்துக்கு, அது உடம்பில் என்றாலும் மனதில் என்றாலும், விலக்கு இருக்கிறது. இது தெரியாமல் அறைக்குள் கிடக்கிற இரண்டு பேரை எனக்கே தெரியும்.

காத்திருப்பு. நூற்றுக்கு 75 பேருக்கு ஆறு கிழமைக்குள், 95 பேருக்குப் பதினெட்டுக் கிழமைக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. எனக்கு ஐந்தாம் கிழமையே போன் வந்தது. அது மதிப்பீடு மட்டும். உண்மையான சிகிச்சைக்கு அதற்கு மேல் நாலரை மாதம். கணக்கில் என்னை எந்தப் பக்கம் போட்டார்களோ. மொழிபெயர்ப்பாளர் தேவை என்று பதிந்திருந்தும் கடிதம், எஸ்எம்எஸ் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வந்தன. ஒன்று நண்பகலில் வந்தது, நான் நித்திரை. பதில் போடவில்லை என்று என் கோப்பை மூடப் பார்த்தார்கள். மகள் கண்டு போன் எடுத்திராவிட்டால் கதை அதோடு முடிந்திருக்கும்.

சரி, மொழிபெயர்ப்பாளர்கள். ஒவ்வொரு தரமும் தொடக்கத்தில் இரண்டு கேள்வித்தாள் உண்டு, ஒன்றில் ஒன்பது கேள்வி, மற்றதில் ஏழு. கடந்த இரண்டு கிழமையில் இது எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு, பூச்சியத்திலிருந்து மூன்று வரை போடச் சொல்வார்கள். மதிப்பீட்டுக்குப் போனில் வந்தவர் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர். நல்ல மரியாதையான பிள்ளை. என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, "எனக்கு ஒரே யோசனை" என்றேன். எங்கள் பக்கத்தில் யோசனை என்றால் கவலை, விடாமல் மனதை அரிக்கிற கவலை. அவர் ஆங்கிலத்தில் சொன்னது, இவருக்கு நிறைய ஐடியா வருகிறதாம் என்று. அந்தளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். மதிப்பீடு செய்தவர் உற்சாகமாகி, என்னென்ன ஐடியா என்று கேட்டார். "ஐடியா இல்லை, யோசனை" என்றேன். "அதுதான் சார், ஐடியா" என்றார் தம்பி. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சிரிக்க முடியாதது ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் நல்லது என்றோ, உங்களுக்கு நீங்களே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிற கேள்வி அது. "வாழ்க்கை வெறுத்துப் போச்சான்னு கேக்குறாங்க சார்" என்று தம்பி மெல்லமாகச் சொன்னார். எனக்கு நோகக்கூடாது என்று நினைத்திருப்பார். நானும் அவருக்கு நோகாமல் பூச்சியம் என்றேன். அந்தப் பூச்சியத்தை வைத்துத்தான் என்னை நாலரை மாத வரிசையில் விட்டார்களோ என்று பிறகு யோசித்தேன். எங்கள் யோசனைதான்.

இரண்டாமவர் யாழ்ப்பாணத்து ஆள், வயதானவர். முதல் நாள் சிகிச்சை, அறையில் ஸ்பீக்கர் போன். சிகிச்சை தருகிற பெண் கேள்வித்தாள் எடுக்க வெளியே போன இரண்டு நிமிடத்துக்குள், "தம்பி எவ்விடம்?" என்றார். எங்கள் சனம் கேட்கிற இந்தக் கேள்வி ஊரோடு நிற்காது. எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி, ஆற்றை மகன் என்று போகும். மூன்றாம் கேள்வியில் சாதி வரும், நாலாம் கேள்வியில் வீட்டில் யார் இயக்கத்தில் இருந்தார்கள் என்பது வரும். "கொழும்பு" என்றேன். அவ்வளவுதான், அன்று முழுக்க நான் கொழும்பான். வன்னியில் நடந்ததைக் கொழும்பில் இருந்தவன் எப்படிச் சொல்வது? மிச்ச நேரம் முழுக்க நித்திரையைப் பற்றி மட்டும் கதைத்துவிட்டு எழும்பி வந்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கலியாண வீட்டில் நானும் கேட்கிற கேள்விதான். ஆனால் பூச்சியம் பூச்சியம்தான்.

அடுத்த கிழமை போனபோது சிகிச்சைக்காரி மொழிபெயர்ப்பாளருக்குப் போன் போடவில்லை. மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார்: ஆளை மாற்றவா? ஆணா, பெண்ணா? நேரிலா, போனிலா? உங்கள் நாட்டவரா, வேறு நாட்டவரா? இதையெல்லாம் நாம் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. பெண், நேரில், இலங்கைத் தமிழ், ஒவ்வொரு கிழமையும் அதே ஆள் என்று எழுதிக் கொடுத்தேன். மொழிபெயர்ப்புக் கம்பனி மூன்று கிழமை எடுத்தது.

வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். கதிரையை எங்கள் இருவருக்கும் நடுவில் போடாமல் சற்றுப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு மொழியிலும் ஒரே பேச்சு: "நீங்கள் சொல்லுறது எல்லாத்தையும் சொல்லுவன். கூட்ட மாட்டன், குறைக்க மாட்டன். விளங்காட்டி நிப்பாட்டிக் கேப்பன். எழுதுற தாளை இங்கையே கிழிச்சுப் போட்டுத்தான் போவன்." ஊர் கேட்கவில்லை. நான் யோசனை என்றபோது ஒரு சொல்லில் முடிக்காமல் இரண்டு வசனமாக விளக்கினார். ஒன்பதாவது கேள்வியைச் சாவு என்ற சொல்லோடு அப்படியே கேட்டார். அன்று இரண்டு என்றேன்.

சிகிச்சைக்காரி இளம்பிள்ளை. எங்கள் போரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கவும் இல்லை. வெள்ளைத் தாளைத் தந்து கீறச் சொன்னார். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 வீதியைக் கீறினேன். நந்திக்கடலைக் கீறினேன். அதற்கும் பெருங்கடலுக்கும் நடுவில் ஒரு விரலகல மண். 2009 மே மாதம் எல்லோரும் நின்ற இடம் அதுதான் என்றேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்குள்ளா?" என்று மட்டும் கேட்டார். மிச்சத்தை அங்கே சொன்னேன், இங்கே எழுதப் போவதில்லை. நடந்ததை ஒழுங்காக, தொடக்கத்திலிருந்து, உடம்பில் என்ன செய்தது என்பதோடு திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதுதான் முறை. முதல் நாலு தரமும் வீட்டுக்கு வந்து சத்தி எடுத்தேன். போகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்: குறைவதற்கு முதல் கூடும். அந்த நாட்களில் வேலைக்கு லீவு போட முடிந்தால் போடுங்கள்.

இப்படிப்பட்ட அதிர்ச்சியால் வருகிற மன வருத்தத்துக்கு வழக்கமாக எட்டிலிருந்து பன்னிரண்டு தரம் என்று நைஸ் என்கிற அரச மருத்துவ அமைப்பின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது, தேவையானால் கூட்டலாம். மொழிபெயர்த்துச் செய்தால் ஒரு மணித்தியாலம் அரை மணித்தியாலம் ஆகிவிடுகிறது. இந்தப் பிள்ளை மேலிடத்தில் கேட்டு எனக்குத் தொண்ணூறு நிமிடமாக்கி, பதினாறு தரம் வரை நீட்டினார். கேட்காவிட்டால் கிடைத்திருக்காது.

தமிழ்க் கையேடு ஒன்றும் தந்தார்கள். 'தினமும் பத்து நிமிடம் மனநிறைவோடு இருங்கள்' என்று இருந்தது. மனநிறைவு இருந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்? மொழிபெயர்த்த அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான். இந்தக் கணத்தைக் கவனித்து விழிப்பாக இருப்பதைச் சொல்கிற மைண்ட்ஃபுல்னஸ் என்பதை யாரோ சொல்லைப் பிளந்து தமிழாக்கியிருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குக் கட்டிலுக்குப் போகச் சொல்லியும் இருந்தது. அந்நேரம்தான் நான் வேலையில் காசுப்பெட்டியைத் திறக்கிறேன். உதவியது வேறொன்று: நெஞ்சு அடிக்கத் தொடங்கினால் கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஐந்து பொருளைப் பெயர் சொல்லிப் பார்க்கிற பயிற்சி. மார்ஸ், ட்விக்ஸ், கிட்கட், சுவிங்கம், லைட்டர். வரிசையில் நிற்கிறவர்களுக்கு நான் ஸ்டொக் எண்ணுகிறேன் என்று தோன்றும்.

ஒன்பது கேள்வி உள்ள தாளில், நான் உண்மையாகப் பதில் சொன்ன முதல் நாள் மொத்தம் 27க்கு 19, கடைசி நாள் 8. நித்திரை ஐந்து மணித்தியாலம். நவம்பர் 5 இன்னும் ஆகாது, போன முறை லீவு எடுத்துவிட்டேன்.

எனக்குச் சரிவந்தது எல்லோருக்கும் காணாது. சித்திரவதைப்பட்டவர்களுக்கென்றே ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர் என்ற தொண்டு நிறுவனம் 1985இலிருந்து இருக்கிறது. இலங்கைத் தமிழர் பலர் அங்கே போயிருக்கிறார்கள், வழக்கறிஞரிடமோ ஜீபியிடமோ கேட்டுப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி இன்றைக்கே மூன்று என்று இருந்தால் காத்திருக்க வேண்டாம். 111ஐ அழுத்தி, பிறகு 2. தமிழில் ஆள் வேண்டும் என்று கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999. பதிகிறபோது மொழி என்ற கட்டத்தில் வெறுமனே தமிழ் என்று விடாமல் இலங்கைத் தமிழ் என்று எழுதுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கடைசி நாள் முடிந்து வெளியே வந்தால், பஸ் தரிப்பிடத்தில் மொழிபெயர்த்த அம்மா நிற்கிறார். அவருடைய ஊர் இன்றுவரை எனக்குத் தெரியாது. "குளிர்" என்றார். "ஓம்" என்றேன். பஸ் வந்தது. அவர் கீழே இருந்துவிட்டார், நான் மேல்தட்டுக்கு ஏறிப் போனேன்.