குடித்தனக்காரர் இருக்கும் வீடா, காலி வீடா?

மதுரை சிம்மக்கல்லில் பல ஆண்டுகளாக ஒரே குடும்பம் வாடகைக்கு இருக்கும் வீடு. ஒத்தக்கடையில் பூட்டிக் கிடக்கும் புது வீடு. விலை ஒன்றுதான் என்றால் எதை வாங்குவது?

முதல் வீட்டில் கிரயம் முடிந்த மாதமே வாடகை கைக்கு வரும். ஆனால் தொகை பழைய கணக்கிலேயே நின்றிருக்கும். வீடு கைமாறியதாலேயே குடித்தனம் முடிந்துவிடாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி பழைய உரிமையாளரின் இடத்துக்கு நீங்கள் வருகிறீர்கள். குடித்தனக்காரரிடம் அவர் வாங்கிய முன்பணத்தை வீட்டு விலையில் கழிக்கச் சொல்லுங்கள். 2019 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கேட்கிறது. வாய்ப்பேச்சு மட்டும் என்றால் நான் தயங்குவேன். குடியிருப்பவரிடம் நேரில் பேசாமல் வீட்டை விற்பவருக்கு முன்பணம் கொடுக்கவே கூடாது.

காலி வீட்டில் நீங்களே குடிபோகலாம். அதற்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஒத்தக்கடையே சரி. வருமானம்தான் நோக்கம், ஒப்பந்தமும் கையில் இருக்கிறது என்றால் சிம்மக்கல்லையே எடுப்பேன்.