1978 பத்மினியுடன் ஏழு ஆண்டுகள்

தருமபுரியில் எங்கள் வீட்டுப் புங்கமரத்தடியில் நிற்கும் பிரீமியர் பத்மினி 1978இல் பதிவான வண்டி. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி 50 ஆண்டு நிறைந்தால்தான் விண்டேஜ் என்ற தகுதி கிடைக்கும் என்பதால், சட்டத்தின் கண்ணுக்கு இது இன்னும் வெறும் பழைய கார்தான். 1089 சிசி பெட்ரோல் எஞ்சின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். ஏழு ஆண்டுகளாக இதை நானே பிரித்து மாட்டுகிறேன். அவற்றில் முதல் மூன்று ஆண்டுகள், நானே உண்டாக்கிய கோளாறுகளை நானே சரிசெய்வதில் கழிந்தன.

பெரிய தவறு தண்ணீரில் தொடங்கியது. எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதால் குடிப்பதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்குக் காத்து நிற்கும் நான், ரேடியேட்டரில் மட்டும் ஈராண்டுகள் போர்த் தண்ணீரையே ஊற்றிவந்தேன். காருக்குப் பகை புளோரைடு அன்று, அந்த நீரின் கடினத்தன்மை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது போலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் உப்பு படிந்து அடைத்துக்கொள்கிறது. சேலம் போய்த் திரும்புகையில் தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. எஞ்சின் சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்மேல் நான் பழிபோட்டு அதைக் கழற்றி எறிந்தேன். ஊருக்குள் ஓட்டும்போது சூடு குறைந்ததுபோல் தோன்றியதால் கோளாறு தீர்ந்தது என்று நம்பினேன். அடைப்போ அப்படியே இருந்தது. அடுத்தடுத்த பயணங்களில், எஞ்சினின் உடலான பிளாக்குக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிற்று. ஆயில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தபோது, தண்ணீர் சேர்ந்த எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வழிந்தது.

புதிய கேஸ்கெட் வாங்கி, சாதாரண ஸ்பேனரால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை போல்ட்டுகளை முறுக்கி ஹெட்டைப் பொருத்தினேன். இரண்டே மாதத்தில் மறுபடியும் கசிந்தது. அப்போது, கடைத்தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்ட ஒரே கேள்வி: “கேஸ்கெட்டை மாத்துனே சரி, ஹெட்டை அளந்து பாத்தியா தம்பி?” நான் பார்த்திருக்கவில்லை. இந்த எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். மட்டுமீறிய சூட்டில் அலுமினியம் வளைந்துவிடும். ஹெட்டைக் கவிழ்த்து அதன்மேல் எஃகு மட்டப்பலகையை வைத்து இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜைச் செருகியபோது, இரண்டாவது மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே 0.15 மி.மீ. தகடு தடையின்றி நுழைந்தது. எத்தனை புதிய கேஸ்கெட் வைத்தாலும் அங்கே அது அமுங்கியிருக்காது. பட்டறையில் ஹெட்டின் முகத்தை மட்டமாக்கி, ரேடியேட்டரைப் பிரித்துக் குழாய்களைச் சுத்தம் செய்து, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை இரவல் வாங்கி, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக மூன்று சுற்றில் முறுக்கினேன். தெர்மோஸ்டாட்டும் புதிதாகத் திரும்ப ஏறியது. காய்ச்சி வடித்த நீரோடு கூலன்ட் கலந்து ஊற்றத் தொடங்கியபின் நான்கு ஆண்டுகளாகக் கணவாயில் ஆவி கிளம்பவில்லை.

பிரேக்கில் செய்த தவறைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. டப்பாவில் ‘ஹைட்ராலிக்’ என்று இருந்ததை நம்பி, ஜாக்கிக்கு ஊற்றும் எண்ணெயைப் பிரேக் பாத்திரத்தில் ஊற்றிவிட்டேன். அது கனிம எண்ணெய். பிரேக் ரப்பர்கள் அதில் ஊறினால் உப்பிவிடும். காலை எடுத்தபின்னும் பிரேக் விடாமல் பிடித்து, டிரம்கள் தொடமுடியாதபடி கொதித்தன. மாஸ்டர் சிலிண்டரிலும் வீல் சிலிண்டர்களிலும் இருந்த ரப்பர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றி, குழாய்களை ஸ்பிரிட்டால் கழுவும்படி ஆயிற்று. சேலம் நோக்கிய அந்த நீண்ட இறக்கத்தில் இது நடக்காமல் வீட்டு வாசலிலேயே தெரிந்தது எங்கள் நல்ல காலம்.

எஞ்சினின் தீப்பொறிக்கான தொடுமுனைகளான பாயிண்ட் இடைவெளியைக் கண்மதிப்பில் வைத்ததால் எஞ்சினுக்கு வந்த திக்கல் ஒரு நாள் வேலையோடு தீர்ந்தது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் பெட்ரோல் போகும் பழைய ரப்பர்க் குழாய்கள் மெத்தென்று ஆனதைக் கண்டு, ஒழுகுவதற்கு முன்பே மாற்றிவிட்டேன். ஏழு ஆண்டுகளில் முந்திக்கொண்டு செய்த முதல் வேலை அதுதான்.

இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாற்றும்போது கேட்கும் கடகடப்பு இன்னும் இருக்கிறது. ஸ்டீயரிங் தண்டின் அடியிலுள்ள கியர் இணைப்பின் புஷ் என்னும் சிறு வளையம் தேய்ந்திருக்கலாம் என்று ஐயம். பொங்கல் விடுமுறையில் கழற்றி அளக்கப்போகிறேன். அதுவரை புதுப் புஷ் வாங்குவதாக இல்லை.