35 இன்ச் கேரம் போர்டு, பத்துக்குப் பத்து ஹால்

விலையை முதல்ல சொல்லிடறேன். சென்னை பெரியமேடு, நேரு ஸ்டேடியம் பக்கத்துல இருக்கிற ஸ்போர்ட்ஸ் கடையில பேரம் பேசி நாலாயிரத்து எண்ணூறு. காயின், ஸ்ட்ரைக்கர், ஒரு டப்பா பவுடர் எல்லாம் சேர்த்து. 8 எம்.எம். ப்ளைவுட், 3 இன்ச் ஃபிரேம். உள்ளே ஆடற இடம் மேட்ச் அளவு, 74 சென்டிமீட்டர். ஃபிரேமோட அளந்தா 35 இன்ச். டெலிவரி கிடையாது. மச்சான் பைக் பின்னாடி உட்கார்ந்து கட்டிப் புடிச்சிட்டு வந்தான். பேசின் பிரிட்ஜ் மேல அடிச்ச காத்துல போர்டும் அவனும் பறக்காததே பெருசு.

வீட்ல ஏற்கெனவே 20 இன்ச் போர்டு ஒண்ணு இருந்துச்சு, பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்தது. ஒரே மழைக்காலத்துல அப்பளம் மாதிரி வளைஞ்சு, எங்க அடிச்சாலும் காயின் நடுவுல வந்து நிக்கும். சின்னப் பசங்களுக்குச் சின்ன போர்டு போதும்னு கடையிலயும் சொன்னாங்க. நான் ஒத்துக்கலை. சின்ன போர்டுல தட்டிவிட்டாலே காயின் விழுந்துடும், குறி பார்க்கிற வேலையே இல்லை. அப்புறம் என் பொண்ணு தனக்குப் பெரிய போர்டுதான் வேணும்னு உறுதியா இருந்தா. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா 2024ல அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கிட்டு வந்தாங்களே, அந்த வீடியோவை அவ மனப்பாடமாப் பார்த்திருக்கா. என் வயசுக்காரங்களுக்கு மரிய இருதயம் பேர்தான் வாயில வரும், 1991லயும் 1995லயும் உலக சாம்பியன். ஆனா நான் வளர்ந்த தெருவுல லைட் கம்பத்துக்குக் கீழே போர்டைச் சுத்தி நின்னது அத்தனையும் ஆம்பளப் பசங்க. என் பொண்ணு இதைக் கேட்டப்போ வீட்ல ஒருத்தரும் ஏன்னு கேட்கலை.

கடைக்காரர் ஒரு வேலை செஞ்சு காட்டினார். பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கர் வைக்கிற கோட்டுல இருந்து அதை ஓங்கி அடிச்சார். மூணு தடவைக்கு மேல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய் வந்துச்சு. பக்கத்துல இருந்த விலை கம்மியான போர்டுல ரெண்டாவது தடவையே படுத்துடுச்சு. வாங்கப் போறவங்க இதை அடிச்சுப் பார்க்காம காசு கொடுக்காதீங்க.

இப்போ வீட்டு விஷயம். நான் மணலியில ஷிஃப்ட்டு. வீட்டுக்காரம்மா பாரிஸ் கார்னர்ல ஒரு மொத்தக் கடையில கணக்கு எழுதறாங்க. மண்ணடியில மெட்ரோ ஏறி தண்டையார்பேட்டையில இறங்கி வீடு வந்து சேர ஏழரை ஆயிடும். அதுவரைக்கும் அஞ்சாவது படிக்கிற பொண்ணும் ஒண்ணாவது படிக்கிற பையனும் ஆயா கையில. முன்னாடி அந்த நேரத்துல ஆயாவோட போன்தான் பசங்களுக்கு. அதைப் பிடுங்கும்போது நடக்கிற சண்டையிலதான் எங்க ராத்திரியே ஆரம்பிக்கும்.

போனுக்கு முடிவே கிடையாது, ஒரு வீடியோ முடிஞ்சா அடுத்தது தானா வந்துடும். கேரம்ல பத்தொம்பது காயினும் உள்ளே போனா ஆட்டம் அவ்வளவுதான். நாங்க யாரும் நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஆட்டம் முடிய இருபது நிமிஷம் போல ஆகுது. அந்த நேரத்துல வீட்டுக்காரம்மா முகம் கழுவி, ஒரு டீ குடிச்சு, யார்கிட்டயும் பேசாம உட்கார முடியுது. இந்த ஒரு காரணத்துக்கே கொடுத்த காசு சரியாப் போச்சு.

பையன் கணக்கு கத்துக்கிறது பாயின்ட் ஆட்டத்துல. கறுப்பு 10, வெள்ளை 20, ரெட் 50. எல்லாம் கூட்டினா 320 வரணும்னு அவனுக்கு இப்போ தெரியும். ஒருநாள் 310தான் வந்துச்சுன்னு யாரையும் தூங்க விடாம, பீரோவுக்கு அடியில இருந்து ஒரு கறுப்பை எடுத்துட்டுத்தான் படுத்தான். இவன் நோட்டுல 8ஐயும் 7ஐயும் கூட்டச் சொன்னா வயித்து வலின்னு சொல்றவன்.

பொண்ணுக்குத் தோத்தா ஆகாது. ஆரம்பத்துல கையால காயினை எல்லாம் கலைச்சு விட்டுடுவா. கலைச்சவங்கதான் பொறுக்கி, துடைச்சு, டப்பாவுல போடணும்னு ஆயா சட்டம் போட்டாங்க. இப்பவும் ரெட் போட்டுட்டு ஃபாலோ, அதாவது அதுக்கு அடுத்து போட வேண்டிய காயின், விழலைன்னா கண்ணு கலங்குது, ஆனா கலைக்கிறதில்லை. ஆயாவைத் திருத்தறது தான் கஷ்டம். ஸ்ட்ரைக்கரைக் கோட்டுல வைக்காம அவங்க வசதிக்குத் தள்ளி வைப்பாங்க. "ஆயா, ரெண்டு கோட்டையும் தொடணும்"னு பொண்ணு சொன்னா, "போடி, உங்க தாத்தாகிட்டயே நான் இப்படித்தான் ஆடினேன்"னு பதில் வரும்.

குறைகளும் இருக்கு. சத்தம் பெரிய குறை. நாங்க மாடியில, கீழே ஹவுஸ் ஓனர். ஸ்ட்ரைக்கர் கட்டையில மோதற ஒவ்வொரு தடவையும் அவங்க சீலிங்ல கேட்குதாம். பழைய பெட்ஷீட்டை நாலா மடிச்சு அடியில போட்டதுல பாதி குறைஞ்சுது. ஒன்பது மணிக்கு மேல ஆட்டம் கிடையாது. இடம் அடுத்த பிரச்சினை. போர்டைப் போட்டா ஹால்ல நடக்க வழியில்லை, ஆடி முடிச்சதும் கதவுக்குப் பின்னாடி நிமிர்த்தி வைக்கணும். சாய்ச்சு வச்சா நாளடைவுல வளையுமாம், அதனால செவுத்தோட நேரா ஒட்டி வைக்கிறோம். மூலைப் பாக்கெட் வலை ஒண்ணு அதுக்குள்ள பிஞ்சுடுச்சு. இந்த விலைக்கு அது மட்டம்.

பவுடர் விஷயத்துல ஜாக்கிரதை. அது போரிக் பவுடர், வாயில போகக் கூடாது. தங்கச்சி தவழற குழந்தையோட வந்தா போர்டு வெளியிலயே வராது, காயினும் அந்த வயசுக்கு ஆபத்துதான். மத்த நாள்ல பவுடர் டப்பா பரண் மேல. ஆடினதும் கையைக் கழுவாம தட்டுல கை வைக்கக் கூடாது.

அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். கூட வர்ற ஸ்ட்ரைக்கர் பசங்க விரலுக்குக் கனமாத் தெரியுது. விதிப்படி 15 கிராமைத் தாண்டக் கூடாது, அதுக்குள்ளயே லேசானதா ஒண்ணு தனியா வாங்கிக்குங்க. இனாமா கொடுத்த பவுடரும் ஈரம் பட்டு கட்டி கட்டியா இருந்துச்சு. கடையிலயே டப்பாவைத் திறந்து பாருங்க.