காசிமேட்டுப் பங்குக் கணக்கும் ஜாங்கோவின் மெனி-டு-மெனியும்

மாமாவுக்குக் காசிமேட்டில் இரண்டு மீன்பிடி லாஞ்ச். பங்குக் கணக்கு முழுக்க நீட்டு நோட்டில் இருந்தது. 2021 கடைசியில் ராயபுரம் வீட்டு மாடியில் உட்கார்ந்து பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் ஜாங்கோ 3.2-ல் அதை ஆப்பாக எழுதினேன். இன்றுவரை அதில்தான் கணக்கு ஓடுகிறது. ஜாங்கோவைப் பொதுவாகப் பாராட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு மெனி-டு-மெனி ஃபீல்டோடுதான் வரவு செலவு: இதற்கு அதில் பல, அதற்கு இதில் பல என்று இரண்டு டேபிள்களை இணைப்பது.

ஒரு ட்ரிப்புக்குப் பத்து ஆள். ஒரே ஆள் இந்த வாரம் இந்த லாஞ்ச், அடுத்த வாரம் அந்த லாஞ்ச். ட்ரிப் மாடலில் (டேபிள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் கோடில்) ‘ஆட்கள்’ என்று ஒரே வரி எழுதினேன், முடிந்தது. ட்ரிப்பையும் ஆளையும் இணைக்கும் நடு டேபிளை ஜாங்கோவே கட்டிக்கொண்டது: ஒரு ஐடி, ட்ரிப் ஐடி, ஆள் ஐடி. கண்ணில் படாததால் அப்படியொரு டேபிள் இருப்பதையே மறந்துவிட்டேன்.

டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் போக, ஓனர் பாகத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பங்கு போடுவார்கள். எங்கள் லாஞ்சில் புதுப் பையனுக்கு முக்கால் பங்கு. அந்த முக்காலை எங்கே வைப்பது? யோசிக்காமல் ஆள் டேபிளில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து அவனுக்கு முழுப் பங்கு ஆனது, மாற்றினேன். அன்று ராத்திரியே மாமா பழைய ட்ரிப் ஒன்றைத் திறந்துவிட்டுக் கூப்பிட்டார்.

“இன்னாடா இது? தை மாசம் அவனுக்கு முக்கா பங்குதானே குடுத்தோம். இதுல முழுசு காட்டுது. கால் பங்கை நான் அமுக்கிட்டேன்னு சொல்லமாட்டானா?”

சொல்லத்தான் சொல்வான். பங்கு ஆளுடையதும் இல்லை, ட்ரிப்புடையதும் இல்லை. அந்த ஆள் அந்த ட்ரிப்புக்குப் போனதற்கு உரியது. நடு டேபிளை நாமே மாடலாக எழுதி ‘த்ரூ’ என்று காட்டுவது இதற்காகத்தான். அட்வான்ஸும் அங்கேயேதான் போய்ச் சேர்ந்தது. என்ன பெயர் வைக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது நோட்டைப் புரட்டினால், மாமா எப்போதோ ‘பங்கு’ என்று தலைப்புப் போட்டுத் தனிப் பக்கமே வைத்திருக்கிறார். நான்தான் பார்க்கவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் ஃபீல்டில் பிற்பாடு ‘த்ரூ’ சேர்த்தால், டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் வேல்யூ எரர் அடித்து நின்றுவிடும். பழைய டேபிளை அப்படியே வைத்துக்கொண்டு, இது இனிமேல் இந்த மாடலுடையது என்று ஜாங்கோவின் கணக்கில் மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டும். ‘செப்பரேட் டேட்டாபேஸ் அண்ட் ஸ்டேட்’ என்று அதற்கொரு வழி ஆவணத்திலேயே இருக்கிறது. பங்கு ஃபீல்டை அடுத்த மைக்ரேஷனில் சேர்த்தேன். எனக்கு வாய்த்தது 2022 மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். சிஸ்டத்தை நிறுத்தி வேலை பார்க்க அவ்வளவு நீளமான மெயின்டனன்ஸ் விண்டோ எந்த வங்கிக்கும் கிடைக்காது. பழைய ட்ரிப்புகளின் பங்கை நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்தேன். கோடிங் வேலை ஒரு சாயங்காலம்தான், இது மூன்று வாரம்.

அதற்குப் பிறகும் அடி வாங்கினேன். எடிட் பக்கத்தில் ஆட்களை டிக் போடும் வசதிக்குப் பின்னால், டிக்குக்கு ஏற்ப ஆட்களைச் சேர்த்து நீக்கும் ‘செட்’ மெத்தடை வைத்திருந்தேன். மாமா ஒருவரின் டிக்கைத் தவறி எடுத்து சேவ் செய்து, உடனே திரும்பப் போட்டு சேவ் செய்தார். ஆள் வந்துவிட்டார், அவர் வாங்கிய 500 ரூபாய் அட்வான்ஸ் வரவில்லை. டிக் போனதும் நடு டேபிளில் அவருடைய வரிசை (ரோ) மொத்தமாக அழிந்து, திரும்பியது டீஃபால்ட் மதிப்போடு புது வரிசை. ட்ரிப்புக்கும் ஏலம் எடுக்கும் வியாபாரிக்கும் நடுவே இருக்கும் டேபிளில் ‘ரிமூவ்’ இதைவிட மோசம். அங்கே ஒரே வியாபாரி வஞ்சிரம் ஒரு முறை, சங்கரா ஒரு முறை எடுப்பார். அவரை ரிமூவ் செய்தால் இரண்டு வரிசையும் காலி. இப்போது ‘செட்’, ‘ரிமூவ்’ இரண்டையும் தொடுவதில்லை. நடு மாடலின் வரிசையை நேரடியாகத்தான் திருத்துகிறேன். ஜாங்கோவின் அட்மின் பக்கத்தில் வரிசைகளை டேபிளாகவே காட்டும் ‘டேபுலர் இன்லைன்’ அதற்குப் போதும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 40 ட்ரிப்பை ஒரே பக்கத்தில் காட்டியபோது டேட்டாபேஸுக்கு 441 குவெரி (கேள்வி) ஓடியது: ட்ரிப்புகளுக்கு ஒன்று, ஒவ்வொரு ட்ரிப்பின் பங்குகளுக்கும் ஒன்று, ஒவ்வொரு பங்கின் ஆளுக்கும் ஒன்று. துறைமுகத்தில் மாமாவின் போன் சுற்றிக்கொண்டே இருக்கும். தொடர்புடையவற்றை மொத்தமாக எடுத்துவரும் ‘ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்’ ஒன்றைச் சேர்த்ததும் மூன்றாகிவிட்டது.

சும்மா மெனி-டு-மெனியாக மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று: எந்த ட்ரிப்புக்கு எந்தெந்த வலை போனது என்பது. அதில் வேறு தகவலே கிடையாது, நாலு வருடமாகத் தொல்லையும் கிடையாது. போன வாரம் மாமா கேட்கிறார்:

“எந்த வலை கிழிஞ்சி வந்துச்சுன்னு அதுலயே போட முடியுமாடா?”

“தடைக்காலம் வரட்டும் மாமா” என்றேன்.