நெல்லையிலிருந்து இலங்கைக்கு: ஒரு குழுச் சுற்றுலாச் சேவையின் மதிப்பீடு

பாளையங்கோட்டையில் அலுவலகம் வைத்து, நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்துப் பயணிகளைக் குழுவாகச் சேர்த்து இலங்கைக்கு அழைத்துச் செல்லும் ஒரு பயண நிறுவனத்தின் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லவிருக்கும் நிறையும் குறையும் இதே முறையில் இயங்கும் பல நிறுவனங்களுக்கும் பொருந்தக்கூடியவை என்பதால், பெயரைவிட அவர்கள் கையில் தரும் பயணத் திட்டத்தை எப்படிப் படித்துப் பார்ப்பது என்பதே வாசகருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணவிஷயத்தில் நேர்மை, முதியவர்களிடம் காட்டும் அக்கறை, வழிகாட்டியின் தேர்ச்சி ஆகிய மூன்றிலும் இந்தச் சேவை சிறந்தது. ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதில் பெரிய குறை இருக்கிறது. இலங்கையைப் போன்ற தொன்மையான ஒரு நாட்டைப் பார்க்கச் செல்பவருக்கு அந்தக் குறை சிறியதன்று.

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இலங்கை அயல்நாடாகத் தோன்றுவதில்லை. 1906-இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கப்பல்கள் ஓடியது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில்தான். 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் நீராவிக் கப்பல் பாதையும் திறக்கப்படும் வரை இலங்கைக்குச் செல்வோருக்குத் தூத்துக்குடியே முதன்மையான வாசலாக இருந்தது. கொழும்பில் கடை வைத்திருந்த பாட்டனாரைப் பற்றியோ, மலையகத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பாமலே போன உறவுக்காரரைப் பற்றியோ பேசாத குடும்பங்கள் நம் பக்கத்தில் குறைவு. 2011-இல் மறுபடி தொடங்கிய தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பல் சில மாதங்களிலேயே நின்றுபோனதால் இப்போது இங்கிருந்து கொழும்புக்கு விமானமே வழி. நிறுவனத்தார் நெல்லை வண்ணாரப்பேட்டையிலிருந்து வேனில் மதுரை விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கொழும்பு விமான நிலையம் உள்ள கட்டுநாயக்காவில் இறங்கிவிடலாம்.

விசாவுக்கான இணைய விண்ணப்பம், பேருந்து, தங்குமிடம் ஆகியவற்றில் குறை சொல்ல ஏதுமில்லை. அறைகள் எளியவை, சுத்தமானவை. பேசிய தொகைக்கு மேல் எந்த ஊரிலும் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. நுழைவுக் கட்டணம் தொகையில் அடங்குமா, அடங்காதா என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். தொல்லியல் இடங்கள் பலவற்றில் சார்க் எனப்படும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டினருக்குக் கட்டணச் சலுகை உண்டு என்பதையும், அதற்குப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் புறப்படும் முன்பே நினைவூட்டினார்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்குப் பேருந்தில் முன் இருக்கையும் விடுதியில் கீழ்த்தள அறையும் கேளாமலேயே கிடைத்தன.

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு அவர்கள் அமர்த்தியிருந்த வழிகாட்டியிடம் இருக்கிறது. அவர் மாத்தளைப் பக்கத்து மலையகத் தமிழர். சிங்களமும் தமிழும் ஒரேபோலச் சரளமாகப் பேசுபவர். எந்த இடத்திலும் அவர் ஒரு தரப்பின் கதையை மட்டும் சொல்லவில்லை. அநுராதபுரத்தில் சிங்கள மன்னன் துட்டகைமுனு கட்டத் தொடங்கிய ருவன்வெலிசாய தூபியின் முன்னால் நின்றுகொண்டு, அவன் வென்ற தமிழ் மன்னன் எல்லாளன் 44 ஆண்டுகள் நீதி தவறாமல் ஆண்டதாகப் பழைய பாலி வரலாற்று நூலான மகாவம்சமே கூறுவதையும், வீழ்ந்த பகைவனின் நினைவிடத்தை மதிக்கும்படி வென்றவன் கட்டளையிட்டதையும் விரிவாகச் சொன்னார். அங்குள்ள தக்கிண தூபியை எல்லாளன் சமாதி என்று நெடுங்காலம் நம்பியிருந்ததையும், பின்னர் வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்காததையும் சேர்த்தே சொன்னார். நம்பிக்கை எது, சான்று எது என்று இப்படிப் பிரித்துச் சொல்லும் வழிகாட்டி கிடைப்பது அரிது. வரலாற்றின் பெயரால் மனக்கசப்பு வளர்ந்த ஒரு நாட்டில் இந்த நிதானத்துக்கு உள்ள மதிப்பை நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன்.

அநுராதபுரத்துக்கு ஒதுக்கிய நேரம் போதுமானதாக இருந்தது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்த போதிமரக் கிளையிலிருந்து வளர்ந்ததாகப் போற்றப்படும் ஸ்ரீ மகாபோதி, மனிதர் நட்டதாகக் காலம் குறிக்கப்பட்ட மரங்களில் உலகிலேயே மிகப் பழையது. மகாசேன மன்னன் தொடங்கிய ஜேதவன தூபி முழுவதும் செங்கல்லால் ஆனது. முதலில் ஏறத்தாழ 122 மீட்டர் உயரம் இருந்து, இன்று 71 மீட்டர் அளவில் நிற்கிறது. பழைய உலகில் எகிப்தின் இரண்டு பெரிய பிரமிடுகளுக்கு அடுத்த உயரமான கட்டடம் இது என்று கேட்டபோது, கோபுரம் என்றாலே கருங்கல்லையும் சுதையையும் நினைத்துப் பழகிய எங்கள் குழுவினர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டார்கள். வெயிலில் கல்தளம் நன்றாகச் சுடும். காலணியைக் கழற்றத்தான் வேண்டும், ஆனால் காலுறை அணிந்துகொள்ளலாம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது அங்கே பெரும் மரியாதைக் குறைவு என்பதால், அதைப் பேருந்திலேயே ஒரு முறைக்கு இரு முறை சொல்லி வைத்தது நல்ல பழக்கம்.

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊரில் தூபிகளுக்கு நிகராகக் குளங்களும் மனத்தில் நிற்கும். நயினார்குளத்துக்கு நெல்லைக் கால்வாய் எப்படி நீர் தருகிறது, மருதூர் அணையில் தண்ணீர் எப்படிப் பிரிகிறது என்பதெல்லாம் தெரிந்த விவசாயிகள் சிலர் எங்களுடன் வந்திருந்தார்கள். திசா வாவி என்னும் ஏரியின் கரையில் இறங்கி நின்று, மடை எங்கே, மதகு எங்கே, உபரி நீர் எந்தப் பக்கம் போகிறது என்று அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு வழிகாட்டி சளைக்காமல் பதில் சொன்னார். பழைய சிங்களப் பொறியாளர்கள் ஏரிக்கரைக்குள் சதுரமான ஒரு தொட்டியைக் கட்டி, அதன் வழியாக நீரின் அழுத்தத்தைத் தணித்து, கரை அரிக்காமல் வெளியே விட்டார்கள். பிஸோகொட்டுவ என்பது அதன் பெயர். இவ்வளவு பெரிய வாவிகள் நூற்றாண்டுக் கணக்கில் உடையாமல் நின்றதற்கு அந்த அமைப்பு ஒரு முக்கியக் காரணம். திட்டத்தில் இல்லாத இந்த நிறுத்தம், பயணத்தின் மிக நல்ல பகுதிகளில் ஒன்றாக அமைந்தது.

சிகிரியாவுக்குக் காலையிலேயே அழைத்துச் சென்றது சரியான முடிவு. வெயில் ஏறிய பிறகு அந்தப் படிகளில் ஏறுவது கடினம். ஏற முடியாதவர்களைக் கீழே உள்ள நீர்த்தோட்டங்களில் தனியே அமர வைக்காமல் உதவியாளர் ஒருவர் உடனிருந்து சுற்றிக் காட்டினார். 5-ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அந்தப் பாறைமேல் அரண்மனை கட்டினான். அவனுக்குப் பின் வந்த பார்வையாளர்கள் கண்ணாடிபோல மெருகிட்டதால் கண்ணாடிச் சுவர் எனப்படும் அங்குள்ள சுவரில் தாங்கள் கண்டதையும் வியந்ததையும் பாடல்களாகக் கீறி வைத்தார்கள். தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்து வெளியிட்டார். ஓவியத்திலுள்ள பெண்களின் அழகைப் பாடியவர்களும், அவர்கள் பேசவில்லையே என்று வருந்தியவர்களும் அவற்றில் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மலையேறி வந்தவர்களும் நம்மைப் போலவே பார்த்ததை எழுதி வைக்க ஆசைப்பட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. தம்புள்ளைக் குகைக் கோயிலும் அதே நாளில் முடிந்தது.

குறை தொடங்குவது பொலன்னறுவையில். 993-ஐ ஒட்டி முதலாம் இராசராசனின் படை அநுராதபுரத்தை அழித்த பிறகு, சோழர்கள் பொலன்னறுவையைத் தலைநகராக்கி ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு, 1070-இல் சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றும் வரை ஆண்டார்கள். சோழ அரசி ஒருவரின் பெயரால் அமைந்த வானவன்மாதேவி ஈஸ்வரம் என்னும் கற்கோயில் இன்றும் விமானத்தோடு முழுதாக நிற்கிறது. பாண்டியர் பாணியில் கட்டிய மற்றொரு சிவாலயமும் அங்கே இருக்கிறது. பின்னர் 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்த பராக்கிரம சமுத்திரம் என்னும் ஏரியும், ஒரே பாறையில் புத்தர் சிலைகளைச் செதுக்கிய கல் விகாரையும் அந்த நகரத்தின் பெருமைகள். அங்கே கிடந்த நிலையில் உள்ள புத்தரின் நீளம் மட்டும் ஏறத்தாழ 14 மீட்டர். தமிழரும் சிங்களவரும் அடுத்தடுத்துக் கட்டியவை ஒரே வெளியில் நிற்கும் இத்தகைய நகரத்துக்கு ஒரு முழு நாளே குறைவு. திட்டத்தில் இருந்ததோ இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு.

வானவன்மாதேவி ஈஸ்வரத்தின் சுவரில் உள்ள தமிழ்க் கல்வெட்டை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், "அண்ணாச்சி, இன்னும் ஒரு கால் மணி நேரம் கொடுங்க, இந்த ஒரு வரிசையையாவது முடிச்சிருதேன்" என்று பொறுப்பாளரிடம் கேட்டார். கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களையும் பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளையும் தேடித் தேடிப் பார்த்தவர் அவர். அந்தக் கால் மணி நேரம் கிடைக்கவில்லை. அடுத்த நாள் மாத்தளை வழியில் ஒரு வாசனைப் பொருள் தோட்டத்திலும், கண்டியில் ஒரு இரத்தினக்கல் விற்பனை நிலையத்திலும், ஒரு பத்திக் துணிக்கடையிலும் எங்களுக்கு ஏராளமான நேரம் இருந்தது. கடைகளுக்கு அழைத்துச் செல்வதை நான் தவறென்று சொல்லவில்லை. வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போக விரும்பாதவர் யார்? ஆனால் கல்வெட்டின் முன் நின்றவரை அவசரப்படுத்திவிட்டுக் கல் விற்பவரின் முன் மணிக்கணக்கில் உட்கார வைப்பது முறையன்று. பொறுப்பாளரிடம் நேரிலும், ஊர் திரும்பிய பின் எழுத்திலும் இதைத் தெரிவித்தேன். அவர்கள் மழுப்பாமல் கேட்டுக்கொண்டார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

கண்டியில், புத்தரின் புனிதப் பல்லை வைத்து வழிபடும் தலதா மாளிகையின் மாலைப் பூசைக்கு அழைத்துச் சென்றார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அன்றைய தலைநகரான யாப்பகூவையிலிருந்த அந்தப் பல்லை மாறவர்மன் குலசேகர பாண்டியனுக்காக அவனுடைய படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி எடுத்துச் சென்றதையும், சிங்கள மன்னன் மூன்றாம் பராக்கிரமபாகு பாண்டிய நாட்டுக்கே நேரில் வந்து அதைக் கேட்டுப் பெற்றுச் சென்றதையும் வழிகாட்டி சொன்னபோது, பாண்டிய நாட்டுக்காரர்களான நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கண்டியின் கடைசி மன்னர்கள் மதுரை நாயக்கர் உறவுவழி வந்தவர்கள். மாளிகையின் எதிரே உள்ள ஏரியை அமைத்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கேயே இறந்தான். போயா எனப்படும் பௌர்ணமி நாளில் கண்டிக்குச் செல்ல நேர்ந்தால் கூட்டம் மிக அதிகமாக இருக்கும் என்பதால், பதிவு செய்யும்போதே நாள்காட்டியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

உணவைப் பற்றி ஒரு யோசனை. நிறுவனத்தார் ஊரிலிருந்தே சமையல்காரரை அழைத்து வருகிறார்கள்; காலையில் இட்லி, இரவில் ரசம் என்று முதியவர்களுக்கு வயிற்றுக் கோளாறு இல்லாமல் போனதற்கு அதுவே காரணம். ஆனால் மூன்று வேளையும் நம் ஊர்ச் சாப்பாடே என்றால் அந்த நாட்டின் சுவை தெரியாமலே போய்விடும். கண்டியில் ஒரு தமிழர் உணவகத்தில் இடியாப்பமும் சம்பலும் சொதியும் சாப்பிட்ட அன்று, குழுவிலிருந்த பெண்களிடையே பெரிய விவாதமே நடந்தது. நம் வீடுகளில் மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் சொதியில் பாசிப்பருப்பும் காய்கறிகளும் இஞ்சிச் சாறும் சேர்ந்து திடமாக இருக்கும். அங்கே தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சை மிளகாயும் வெங்காயமும் சேர்த்து நீர்க்க வைத்து, எலுமிச்சை பிழிகிறார்கள். இரண்டும் நன்றாக இருக்கின்றன. மதிய உணவையாவது உள்ளூர்க் கடைகளில் ஏற்பாடு செய்வது சிறந்தது.

காலி நகரத்துக் கோட்டையை மதில்மேல் நடந்து பார்க்க ஒதுக்கிய மாலை நேரம் போதுமானது. கொழும்பில் மீண்டும் அதே குறை: கடைசி நாள் பிற்பகல் முழுவதும் வணிக வளாகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, 1877-இல் நிறுவப்பட்ட தேசிய அருங்காட்சியகம் திட்டத்திலேயே இல்லை. வழிகாட்டி தாமே முன்வந்து, விருப்பமுள்ளவர்களை அங்கே அழைத்துச் சென்றார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் பொறித்தது. காலியில் ஒரு வடிகாலின் மூடுகல்லாகக் கிடந்து 1911-இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்லின் தமிழ்ப் பகுதி, தெய்வந்துறைக் கோயிலிலிருந்த தென்னவரை நாயனார் என்னும் இறைவனுக்கு அளித்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. பொலன்னறுவையில் அகழ்ந்தெடுத்த நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகளும் அங்கேதான் உள்ளன. நடராசர் ஆடும் தாமிர சபையும் செப்பறைக் கோயிலும் உள்ள பக்கத்திலிருந்து சென்றவர்கள் அந்த நடராசரைக் காணாமல் திரும்புவது பேரிழப்பு. குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்படித்தான் திரும்பினார்கள்.

திருகோணமலை இந்தத் திட்டத்தில் இல்லை. கோணேசுவரர் கோயிலும், அங்குள்ள கோட்டை வாசலில் செதுக்கிய பாண்டியரின் இரட்டை மீன் சின்னமும் நம் பக்கத்தவர் அவசியம் பார்க்க வேண்டியவை. கடைகளுக்குச் செலவழித்த நேரத்தைச் சேர்த்தால் அதற்கு இடம் கிடைக்கும் என்று கணக்கிட்டே காட்டினேன். அடுத்த திட்டத்தில் கொழும்பு அருங்காட்சியகத்தைச் சேர்ப்பதாக நிறுவனத்தார் சொல்லியிருக்கிறார்கள். பொலன்னறுவையைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லவில்லை. பெற்றோரை நம்பி அனுப்பத்தக்க சேவை இது என்பதில் எனக்கு ஐயமில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன், மாத்தளைத் தமிழரே வழிகாட்டியாக வருகிறாரா என்பதையும், அச்சிட்ட திட்டத்தில் பொலன்னறுவைக்கு எதிரே எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறது என்பதையும் கேட்டு, அவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.