ஸ்பிரிட்ஃபேரர்: ஆள் போன பிறகும் இடிக்க முடியாத வீடுகள்

ஸ்பிரிட்ஃபேரர் கேமைச் சில வருடங்களாக விட்டு விட்டு விளையாடி வருகிறேன். மொன்றியலில் இருக்கும் தண்டர் லோட்டஸ் நிறுவனம் 2020 ஆகஸ்டில் வெளியிட்டது. ஸ்டெல்லா என்ற பெண், டஃபடில் என்ற பூனையோடு, இறந்தவர்களின் ஆவிகளைக் கப்பலில் ஏற்றி, எவர்டோர் என்ற கடைசி வாசலில் கொண்டுபோய் விடுகிறாள். இதில் தோற்பது என்ற ஒன்றே கிடையாது.

நேரமெல்லாம் வேலையில்தான் போகிறது. ஒவ்வொருவருக்கும் கப்பல்மேல் வீடு கட்ட வேண்டும், தோட்டம் போட வேண்டும், மீன் பிடித்துச் சமைக்க வேண்டும். ஒரே சாப்பாட்டை அடுத்தடுத்துக் கொடுத்தால் பிடிக்காது. மனம் சோர்ந்திருந்தால் அணைத்துக்கொள்ளலாம். சாகப்போகிறவருக்கு நாம் செய்யக்கூடியது இவ்வளவுதான் என்பதை இதைச் செய்தவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

அலிஸ் என்ற முள்ளெலிப் பாட்டிக்குப் போகப் போக ஞாபகம் தடுமாறும். ஸ்டெல்லாவைத் தன் மகள் ஆனி என்று நினைப்பார். பிறகு தனியாக நடக்கவும் ஏலாது, நாங்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். என் அம்மம்மாவும் கடைசி மாதங்களில் என்னை அம்மாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். நான் திருத்தவில்லை, "ஓம்" என்றே பதில் சொன்னேன். அந்தப் பகுதியை ஒவ்வொரு தடவையும் அவசரப்படாமல்தான் விளையாடுகிறேன்.

அதுல் என்ற தவளை சாப்பாட்டுப் பிரியர். பெரிய விருந்தொன்று சமைத்துப் போட்ட பிறகு, ஒரு நாள் பார்த்தால் ஆளைக் காணோம். விடைபெறவும் இல்லை, எவர்டோருக்குக் கூட்டிப் போகவும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த திருகோணமலைக் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எங்கள் ஊரில் செத்த வீடென்றால் ஆட்களுக்குக் குறைவிருக்காது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவே நாலு பேர் வேண்டும். எட்டுச் செலவு முடியும், முப்பத்தோராம் நாள் வரும். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்ற ஐதீகம் இருப்பதால், அந்தியேட்டி என்ற அந்த முப்பத்தோராம் நாள் கிரியைக்குத் திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகிறவர்கள் உண்டு. நாங்களும் போனோம். அப்புறம் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஊர் மறுபடி கூடுவது ஒரு வருடம் முடிய வரும் ஆட்டைத் திவசத்துக்குத்தான். தனிமை வருவது இந்த இடைவெளியில்.

இந்தக் கேம் சரியாகப் பிடித்திருப்பதும் அந்த இடைவெளியைத்தான். ஒருவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் அவர் வீடு கப்பலிலேயே நிற்கும். அதை இடம் மாற்றலாம், இடிக்க முடியாது. உள்ளே ஒரு பூ இருக்கும். புதிதாகத் தோட்டமோ பட்டறையோ கட்ட இடம் பார்க்கும்போதெல்லாம் அந்த வெறும் வீடுகளைச் சுற்றித்தான் அடுக்க வேண்டும். அம்மம்மாவின் கட்டிலை எங்கே போடுவது என்று நாங்கள் வீட்டில் பட்ட பாடும் இதுதான். துக்கத்தைப் பற்றி எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள், இந்த இட நெருக்கடியை யாரும் சொல்லவில்லை.

குறைகளும் உண்டு. நடுப்பகுதியில் மரமும் உலோகமும் சேர்க்க அலைவது இழுவை. இரண்டாம் முறை விளையாடும்போது அது இன்னும் நீளமாகத் தெரியும். குரல் நடிப்பு இல்லை, எல்லாம் எழுத்துத்தான். தமிழும் இல்லாததால் அம்மாவுக்கு நான் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போதுதான் ஒருவரை இழந்தவருக்கு இதை உடனே கொடுக்கமாட்டேன். ஆட்கள் கலைந்து, வீடு அமைதியான பிறகு கொடுப்பேன். இரண்டாவது கன்ட்ரோலர் இருந்தால் இன்னொருவர் டஃபடிலாகச் சேர்ந்து விளையாடலாம். அம்மா அப்படித்தான் சேர்ந்தார். மீன் பிடிப்பதை முழுக்கத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.